வாரிசு வீடும் வீட்டு வரியும்

வீட்டுக்குரியவர் காலமானால் அவ்வீட்டின் வரியும் சிறிது காலம் நின்றிருக்கும் என்று நம் கிராமங்களில் பலர் எண்ணுகின்றனர். ‘பாகம் பிரியட்டும், பிறகு கட்டுவோம்’ என்ற பேச்சை நாம் எங்கும் கேட்கிறோம். வரியோ பாகப்பிரிவினைக்காகக் காத்திருப்பதில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி வீட்டு வரியானது, மனைக்குரிய நிலவரி நீங்கலாக, அவ்வீட்டின் மீதே முதற்பொறுப்பாக நிற்பது. பதிவேட்டில் பெயர் யாருடையதாயினும் பாக்கி வீட்டை விட்டு அகலாது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தையார் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை விட்டு, உயில் எழுதாமல் இறந்தார். மனைவி, இரு புதல்வர், மணமாகிச் சென்ற ஒரு புதல்வி உளர். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி நால்வருக்கும் சமபங்கு. (இறந்தவரின் தாயார் உயிருடன் இருந்தால் பங்கு ஐந்தாகும், இதனை மறந்துவிடுவோர் அநேகர்.) ஊரில் தங்கிய மூத்தவர் ஆண்டுக்கு 240 ரூபாய் வீதம் மூன்றாண்டு வரியைத் தாமே செலுத்துகிறார். ரசீது தம் கையில் இருப்பதால் வீடும் தமதே என்கிறார். தங்கையோ, வரி கட்டாமையால் தன் பங்கு போய்விட்டதோ என்று அஞ்சுகிறாள்.

இருவர் எண்ணமும் பிழையே. ரசீது பணம் செலுத்தியதற்குச் சான்றேயன்றி உரிமைக்குச் சான்றன்று. வரிப் பதிவேட்டில் பெயர் மாறுவதனால் மட்டும் உரிமை பிறப்பதில்லை என்று நீதிமன்றங்கள் பன்முறை கூறியுள்ளன. அதற்காக மூத்தவரின் பணம் வீணாயிற்று என்பதும் இல்லை. 720 ரூபாயில் தம் பங்காகிய 180 போக, ஏனைய மூவரிடமும் தலைக்கு 180 ரூபாய் கேட்டுப் பெறுவதற்கு இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 69-ஆம் பிரிவு இடந்தருகிறது. அவரே வீட்டில் குடியிருந்து அனுபவித்து வந்தால் மற்றவர்கள் அதனைச் சுட்டி வாதிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

உயில் இருப்பின் நிலைமை என்ன? கிராமத்து வீட்டைக் குறித்து இந்து ஒருவர் எழுதிய உயிலுக்கு நீதிமன்றத்தில் புரோபேட் பெறுவது கட்டாயமன்று. ஆயினும் உயில் மெய்யா பொய்யா என்று வழக்கு எழுந்துவிட்டால் ஆண்டுகள் பல கழியக்கூடும். அக்காலத்திலும் வரி செலுத்தப்படவேண்டும். இறந்தவர் பெயரிலேயே செலுத்துவதில் குற்றமில்லை. உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர் இருந்தால், அவர் இறந்தவரின் பணத்திலிருந்து கட்டிக் கணக்கு வைத்துக்கொள்வது முறை.

ஊராட்சி உறுப்பினர்கள் இங்கே விழிப்பாக இருத்தல் அவசியம். வட்டாட்சியர் அளிக்கும் வாரிசுச் சான்று வாரிசுகள் இன்னின்னார் என்று கூறுமேயன்றி, வீட்டை ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுப்பதில்லை. எனவே ஒருவர் மட்டும் வந்து தம் பெயருக்கு மாற்றக் கோரினால், மற்றவர்களின் சம்மதக் கடிதத்தையோ பதிவு செய்த பாகப்பத்திரத்தையோ கேட்பதே நன்று. பட்டா மாற்றம் வருவாய்த் துறையின் வேலை. ஊராட்சியில் பெயர் மாறிவிட்டதால் பட்டாவும் மாறிவிட்டதாகக் கருதலாகாது.

செலுத்துபவருக்கு ஒரு யோசனை. பணம் கட்டியவுடன், இன்ன தேதியில் இவ்வளவு தொகையை எல்லா வாரிசுகளுக்காகவும் செலுத்தியதாக ஒரு கடிதம் எழுதி, ரசீதின் நகலுடன் உடன்பிறந்தார் யாவருக்கும் தபாலில் அனுப்பி, அத்தாட்சியைப் பத்திரப்படுத்திக்கொள்வாராக.