டிப்பரரியில் கூடாரம்

கேள்வி: அயர்லாந்தில் கடலோரக் கூட்டத்தைத் தவிர்த்து, குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்க எந்தக் கவுன்ட்டி தோது?

பதில்: டிப்பரரி. கால்டி மலையடிவாரத்தில் அஹர்லோ பள்ளத்தாக்கு இருக்கிறது. முறையான கேம்ப்சைட்டும் உண்டு. கண்ட வயலில் கூடாரம் அடிக்க முடியாது. பெரும்பாலும் தனியார் நிலம் என்பதால் உரிமையாளரிடம் கேட்டாக வேண்டும். உச்சியான கால்டிமோர் சுமார் 919 மீட்டர்; மேகம் இறங்கினால் ஏறாமலிருப்பதே புத்தி.

மழை நாளுக்கென்றே கேஷல் பாறை. அதன்மேலுள்ள கார்மாக் தேவாலயம் 1134இல் அர்ப்பணிக்கப்பட்டது. மணற்கல் சுவர்கள், உள்ளே மங்கிய சுவரோவியங்கள். ஆனால் கூட்டம் நெரியும். அதைவிட ஷூர் ஆற்றுப் பாறைமேல் நிற்கும் கேர் கோட்டை மேல்: 1599இல் எசெக்ஸ் பிரபுவின் படை முற்றுகையிட்டபோது பாய்ந்த பீரங்கிக் குண்டு இன்னும் சுவரில் பதிந்திருக்கிறது. பிள்ளைகள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கோடைதானே என்று ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிட வேண்டாம்.