செய்தி சேர்ப்பிக்கும் முறை

இணையக் கடையொன்றில் ஒருவர் பணஞ் செலுத்துகின்றார். பணம் பெறுந் தளத்திலிருந்து அச்செய்தி வணிகரை அடைவது எங்ஙனம் என ஆராய்வாம்.

வணிகரின் கணினி, ‘பணம் வந்ததா?’ என ஓயாது வினவுதல் ஒரு முறை. பணம் வந்தவுடன் தளமே அவர் குறித்த முகவரிக்கு அறிவித்தல் மற்றொரு முறை. பின்னதற்கு 2007இல் ஜெஃப் லின்ட்சே என்பார் ‘வெப்ஹூக்’ எனப் பெயரிட்டார்.

பெறுவோருள் ஒருவர் வெப்ஹூக்கை விரும்புவார். மற்றொருவர் ‘ராபிட்எம்கியூ’ போன்ற செய்தி வரிசையை விரும்புவார். இவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு தளமும் தனித்தனியே கருவி சமைத்தல் வீண் உழைப்பாம். ஆதலின் ஹுக்டெக் நிறுவனத்தார் ‘அவுட்போஸ்ட்’ என்னும் மென்பொருளை இயற்றி, அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ் மூலநிரலுடன் வழங்கியுள்ளனர். யாவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், தம் கணினியில் நிறுவலாம்.

மாணவர் ஈண்டு ஒன்றைக் கருத்திற் கொள்க. இக்கருவி உறுதியளிப்பது ‘குறைந்தது ஒரு முறை’ சேர்ப்பித்தலையே. பெற்றமைக்கான மறுமொழி வழியில் தவறின், செய்தி சேர்ந்ததோ இல்லையோ என்பதை அனுப்புங் கணினி அறியாது. ஆதலால் மீண்டும் அனுப்பும். இவ்வாறு ஒரே செய்தி இருமுறை வருதல் கூடும். பெறுவோர் அதன் அடையாள எண்ணை நோக்காது செயற்படின், ஒரு விலைக்கு இரு பொருள் அனுப்பி நட்டமடைவர்.

சேர்ப்பித்தல் அனுப்புவோர் கடன். ஆராய்ந்து ஏற்றல் பெறுவோர் கடன். இதுவே நாம் இப்பாடத்தாற் பெறும் பயன்.