கோப்பிக் காட்டிலிருந்து தேயிலை மலை வரை



பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிள்ளைகள் அமெரிக்காவைப் பற்றிப் படிக்கிறார்கள். 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் குடியேறினார்கள். பட்டினியாலும் நோயாலும் பலர் செத்தார்கள். பிறகு புகையிலைத் தோட்டம் போட்டுப் பிழைத்தார்கள். பயணச் செலவைக் கடனாகப் பெற்று, சில வருடம் உழைத்து அதைத் தீர்ப்பதாக ஒப்பந்தம் எழுதிய ஏழைகளும் அங்கே போனார்கள். இந்தக் கடன் கதை எமக்குப் புதிதல்ல. நாம் இருக்கும் இந்த மலையும் ஏறக்குறைய அப்படித்தான் குடியேறியது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களில் எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியாக இருந்த காலத்தில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கியது. மேற்கிந்தியத் தீவுகளில் கறுப்பின அடிமைகளை வைத்துத்தான் கோப்பி பயிரிட்டார்கள். 1834இல் அங்கே அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் கோப்பி சரிந்தது. அந்த இடத்தை இலங்கை பிடித்தது. ஜமேக்காவில் தொழில் பழகிய டைட்லர் என்ற துரை 1837இல் இங்கே வந்து அந்த ஊர் முறையில் கோப்பி நடக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்கப் பக்கத்துத் தோட்ட முறை இப்படித்தான் எமது மலைக்கு ஏறி வந்தது.

ஆனால் காட்டை வெட்டியது யார்? தமிழ்நாட்டிலிருந்து வந்த எமது பாட்டன் பூட்டன்மார். படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை சுமார் 150 மைல் நடந்தார்கள். வாந்திபேதி, காய்ச்சல், தண்ணீர்ப் பஞ்சம். வழியிலே விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் பெயரெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. துரைமார் பெயர்தான் இருக்கிறது.

கோப்பி, பழம் பறிக்கும் பருவத்து வேலை. பருவம் முடிந்தால் பெரும்பாலானோர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1869இல் இலைநோய் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பியே அழிந்துபோனது. அதற்கு முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தேயிலைக்குப் பருவமே கிடையாது, வருடம் முழுக்கக் கொழுந்து வரும். பெண்களும் பிள்ளைகளும் வேண்டும். வந்துபோன ஆட்கள் குடும்பமாகத் தங்கியது இதனால்தான். லயக் காம்பராக்கள் நிரந்தர வீடாகிப் போனது இப்படியே. 1884இல் புகையிரதம் ஹட்டன் வரை வந்ததும் எமது பகுதி மேலும் நிறைந்தது.

தங்கியவர்களைக் கட்டிப்போட்டது கடன். வழிச்செலவு கங்காணியின் கணக்கில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமா? ‘இந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன்’ என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். அடுத்த துரை பணத்தைக் கட்டி ஆளை எடுப்பார். ஆள் போகும்போது கடனும் கூடவே போகும். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

இன்னொரு துண்டுதான் பிறகு வினையானது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. காடு வெட்டியவன் பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு எங்கே? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். அது தீர 2003இல் வந்த சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதனால்தான் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம், பெயர் வைத்தாச்சா என்று கேட்பதற்கு முன்னால், பதிந்தாச்சா என்று கேட்கிறோம். தாத்தா, பாட்டி இருக்கிற வீடுகளில் இந்தியாவில் எந்த ஊர், எந்தக் கங்காணியோடு வந்தார்கள் என்று கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதியவர்கள் அடுத்த முறை நாம் லயத்துக்கு வரும்போது காட்டுங்கள்.