நோயுற்ற குழந்தையும் கைப்பாவையும்

‘எங்கே வலிக்கிறது?’ என்று மருத்துவர் கேட்டால் சிறு குழந்தைகள் பலர் விடை சொல்வதில்லை. தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு தலையை அசைப்பார்கள். அல்லது ‘வலிக்கவில்லை’ என்று சொல்லிவிடுவார்கள். வலிக்கிறது என்றால் ஊசி வரும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். அதே கேள்வியைத் துணியால் ஆன ஒரு முயல் கேட்கும்போது நிலைமை மாறுகிறது. முயலின் கையில் ஊசி இல்லை. அதற்கும் வயிற்றில் வலிதான், எந்த இடம் என்று சொல்லத்தான் தெரியவில்லை என்றால், குழந்தை தன் விரலை முயலின் வயிற்றில் வைத்து இடத்தைக் காட்டுகிறது. அது தன் வலியின் இடமாகவும் இருக்கலாம். அதை மருத்துவர் ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு, பிறகு தம் கையால் சோதித்துப் பார்க்கிறார்.

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் மற்றோர் எண்ணமும் காணப்படுகிறது. தாம் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். இதில் நம் வீடுகளுக்கும் பங்கு உண்டு. ‘சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்னும் மிரட்டலைக் கேட்காமல் வளர்ந்த குழந்தை நம் ஊரில் அரிது. அவ்வாறு வளர்ந்த குழந்தை மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும்போது தன்னைக் குற்றவாளியாகக் கருதிக்கொள்வதில் வியப்பில்லை. ‘உன் மேல் தவறில்லை’ என்று பெரியவர்கள் நூறு முறை சொன்னாலும் மனம் ஏற்பதில்லை. ஆனால் ‘நான் தம்பியை அடித்ததால்தான் எனக்குக் காய்ச்சல் வந்ததோ?’ என்று பாவை அழுதால், குழந்தையே அதற்கு ஆறுதல் சொல்ல முன்வருவதுண்டு. பிறருக்குச் சொல்லும் ஆறுதல் தன் காதிலும் விழுகிறது அல்லவா?

பாவைகளை இவ்வாறு பயன்படுத்துவது புதிய முயற்சி அன்று. அமெரிக்காவில், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் அனைவருக்கும் பொதுப் பள்ளிகளில் கல்வி அளிக்க வேண்டும் என்று 1975-ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் பள்ளியின் கதவைத் திறந்தது. உள்ளே இருந்த மாணவர்களின் மனத்தைத் திறக்க அதனால் இயலவில்லை. சக்கர நாற்காலியில் வந்த மாணவனை எவ்வாறு நடத்துவது என்று மற்ற மாணவர்களுக்குத் தெரியவில்லை. சிறப்புக் கல்வி ஆசிரியரான பார்பரா ஐயெல்லோ 1977-இல் ‘கிட்ஸ் ஆன் தி பிளாக்’ என்னும் பாவைக் குழுவைத் தொடங்கினார். ஜப்பானிய ‘புன்ராக்கு’ முறையைத் தழுவி, குழந்தை அளவிலான பாவைகளைக் கருப்பு உடை அணிந்த கலைஞர்கள் இயக்கினார்கள். அவற்றுள் ஒரு பாவைக்கு மூளை முடக்குவாதம். மற்றொன்றுக்குப் பார்வை இல்லை. வேறொன்றுக்குச் செவி கேளாது.

இக்குழுவிடமிருந்து நாங்கள் கற்றவை இரண்டு. முதலாவது, அந்தப் பாவைகள் பரிதாபத்துக்கு உரியவையாகப் படைக்கப்படவில்லை. அவை நகைச்சுவை பேசின, குறும்பு செய்தன. முதலில் அவை குழந்தைகள். குறைபாடு அதற்கு அடுத்ததே. இரண்டாவது, நாடகம் முடிந்தபின் பார்வையாளர்களாகிய குழந்தைகள் பாவையிடமே நேராகக் கேள்வி கேட்கலாம். ஒரு மனிதரைக் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளைப் பாவையிடம் கேட்க முடியும். அறியாமை கேலியாக மாறுவதற்கு முன்பே அங்கு விடை கிடைத்துவிட்டது. ஒழுக்கக் கல்வி என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி இத்தகைய விடைகள்தாம் என்பது எங்கள் கருத்து. ‘அன்பாக இரு’ என்று கரும்பலகையில் எழுதுவதால் மட்டும் அன்பு வருவதில்லை.

தென்னாப்பிரிக்காவின் ‘தகலானி செசமி’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 2002-இல் காமி என்னும் பாவை அறிமுகமானாள். அவளுக்கு ஐந்து வயது, எச்.ஐ.வி. தொற்று உள்ளவள், தாயை எய்ட்ஸ் நோய்க்குப் பறிகொடுத்தவள். அக்காலத்தில் அந்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. மருந்துகள் பரவலாகக் கிடைக்கவில்லை. நோயைப் பற்றி வாய்விட்டுப் பேசவே குடும்பங்கள் அஞ்சின. அவளுடைய பெயர், ஏற்றுக்கொள்ளுதல் என்னும் பொருள்படும் ஒரு ஸ்வானா மொழிச் சொல்லிலிருந்து வந்தது. மற்ற பாவைகள் அவளைத் தொட்டு விளையாடின. தொடுவதால் இந்நோய் பரவாது என்பதை அந்த ஒரு காட்சி பாலர் பள்ளிக் குழந்தைக்கும் விளங்கவைத்தது. அருகில் அமர்ந்து பார்த்த பாட்டிக்கும் விளங்கவைத்தது. யுனிசெஃப் 2003-இல் அவளைக் ‘குழந்தைகளுக்கான சாம்பியன்’ என்று அறிவித்தது.

நம் தோற்பாவைக்கூத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. இராமாயணக் கதையின் நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றி, ஊரார் பேசத் தயங்குவதை எல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசிவிடுவார்கள். பாவை சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இனி, பெற்றோரும் உடனிருப்போரும் செய்யக்கூடியவற்றைக் கூறுவோம். விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. சுத்தமான ஒரு சாக்ஸில் இரண்டு பொத்தான்களைக் கண்களாக உறுதியாகத் தைத்தால் போதும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் பொத்தான் வேண்டா, விழுங்கிவிடக்கூடும், நூலால் கண் தைத்துக்கொள்ளலாம். மிகச் சிறு குழந்தைகள் சிலர் பாவையின் அசைவைக் கண்டே அஞ்சுவார்கள். முதலில் அதைப் படுக்கையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் குழந்தை தானே எடுக்கும்வரை காத்திருப்பது நல்லது. பதின்ம வயதினரிடம் பாவையை நீட்டினால் அவமதிப்பாகக் கொள்வார்கள். ஆனால் அடுத்த படுக்கையிலுள்ள தங்கைக்குப் பாவை காட்டச் சொன்னால் பலர் மகிழ்ந்து செய்வார்கள்.

வென்ஃப்ளான் போடுவதற்கு முன்பு, செவிலியரின் உதவியோடு பாவையின் கையில் பிளாஸ்திரி ஒட்டிக் காட்டலாம். ‘வலிக்காது’ என்று பாவை சொல்லக் கூடாது. ஊசி வலிக்கும், சற்று நேரத்தில் குறையும், அழலாம், ஆனால் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று பாவை உண்மையைச் சொல்லட்டும். ஒரு முறை பொய் சொன்ன பாவையைக் குழந்தை மறுமுறை நம்பாது. குழந்தை பாவைக்கு ஊசி போட விரும்பினால் ஊசி இல்லாத வெறும் சிரிஞ்சைச் செவிலியரிடம் கேட்டுப் பெறுங்கள். சில குழந்தைகள் அதைச் சினத்தோடு குத்துவார்கள். தடுக்க வேண்டா. நாள் முழுவதும் பிறர் கையில் அகப்பட்டிருந்த குழந்தைக்கு ஐந்து நிமிடம் மருத்துவராக இருக்கும் உரிமை வேண்டும். பாவையிடம் சொன்ன இரகசியத்தை உறவினர்கள் நடுவே சொல்லிச் சிரிப்பதை மட்டும் அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள்.

சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் நாள், பல குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை நாளைவிடக் கடினமானது. கீமோவால் முடி உதிர்ந்த சிறுமியின் அருகே அமர மற்றக் குழந்தைகள் தயங்குகிறார்கள். சில நேரங்களில் அவர்களின் பெற்றோரே இடம் மாற்றித் தருமாறு கேட்கிறார்கள். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோய் அன்று. வகுப்பாசிரியர் இசைந்தால், அவள் வருவதற்கு முன்தினம் இரண்டு பாவைகளைக் கொண்டு பத்து நிமிட நாடகம் நடத்தலாம். தொப்பி அணிந்த பாவை ஒன்று. அதனிடம் பேசத் தயங்கும் தோழி ஒன்று. பிறகு கேள்விகளுக்கு நேரம் கொடுக்க வேண்டும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை முன்கூட்டியே அந்தச் சிறுமியிடம் கேட்டறிவது இன்றியமையாதது. பாவைக்கு அவளுடைய பெயரை இடக் கூடாது.

வலிப்பு நோயுள்ள மாணவன் இருக்கும் வகுப்பில் பாவை நாடகத்தின் பயன் இன்னும் நேரடியானது. கையில் இரும்புச் சாவி கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதனால் வலிப்பு நிற்பதில்லை. கீழே விழுந்த பாவையை ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்கச் சொல்லி ஆசிரியரிடம் ஓடுவது ஆகியவற்றைக் குழந்தைகள் பாவையை வைத்தே பழகிக்கொள்ளலாம். அவ்வாறு பழகிய வகுப்பில் அந்த மாணவன் அச்சத்துக்கு உரியவனாக இருப்பதில்லை; எல்லோரும் கவனித்துக்கொள்ளும் தோழனாகிறான்.

இறுதியாக ஒரு மருத்துவக் குறிப்பு. துணிப் பாவையில் கிருமிகள் தங்கும். எனவே ஒரு குழந்தையின் பாவையை மற்றொரு குழந்தைக்குக் கொடுக்கலாகாது. கீமோ பெறும் குழந்தைகளுக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் எந்தப் பாவையை அனுமதிக்கலாம் என்பதைப் பிரிவுச் செவிலியரிடம் கேட்டுச் செய்யுங்கள். பாவையைச் சோப்பு நீரில் துவைத்து, வெயிலில் முற்றிலும் உலர்த்திய பின்னரே படுக்கைக்குக் கொண்டுவர வேண்டும். துவைக்கும் நாளில் குழந்தை அதைத் தேடி அழுவதுண்டு. ஆகையால் ஒன்றுக்கு இரண்டாகத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.