போன பிள்ளையும் நோர்வே நாடும்

வெளிநாடு போன பிள்ளையைப் பற்றி எமது வீடுகளில் முதலில் கேட்கப்படுவது, விசா கிடைத்துவிட்டதா, சம்பளம் எவ்வளவு என்பதே. அங்கே அவன் யாருடன் கதைக்கிறான், மாலையில் வேலை முடிந்து வந்தபின் என்ன செய்கிறான் என்று கேட்பவர் மிகக் குறைவு. அந்நிய நாட்டில் ஒருவன் எதனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதை அறிய நோர்வே நாட்டை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் கரையோரத்துக்கும் அந்நாட்டுக்கும் உள்ள தொடர்பு பழையது.

1956ஆம் ஆண்டில் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் அங்கு போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழிலை நன்கு கற்று, நோர்வே நண்பர்களின் துணையுடன் 1960களின் பிற்பகுதியில் சீநோர் நிறுவனத்தை எமது மண்ணில் தொடக்கிவைத்தவர் அவரே. 1970களில் எமது இளைஞர் பலர் அந்நாட்டின் மக்கள் உயர்பள்ளிகளில் படிக்கவெனச் சென்றனர். 1983ஆம் ஆண்டுக்குப் பின் அகதிகளாகப் போனோர் தொகை பெருகியது. அவர்களுள் பலருக்கு வட கோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்து மீன் பதனிடும் தொழிற்சாலைகளிலே வேலை கிடைத்தது. நாளெல்லாம் நின்ற நிலையில் குளிர்ந்த மீனை வெட்டும் வேலை. கையில் சான்றிதழோடு போனவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

குளிரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். குளிருக்குக் கம்பளி உடுப்பு உண்டு. வீடுகளும் உள்ளே சூடாகவே இருக்கும். ஆளை வாட்டுவது இருட்டு. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலந்தான். வட நோர்வேயிலுள்ள துரொம்சோ நகரிலோ நவம்பர் மாதக் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. மத்தியானத்தில் சில மணி நேரம் நீல மங்கல் ஒன்று படரும்; அவ்வளவே. மே மாதத்தில் நிலைமை தலைகீழாகி, நடுச்சாமத்திலும் வெயில் எறிக்கும். இரண்டு காலத்திலும் நித்திரை குழம்பும். முதல் மாரியில் வரும் சோர்வையும் காரணமற்ற அழுகையையும் தன் பலவீனம் என்று எண்ணிப் பலர் வாய் திறப்பதில்லை. அந்நாட்டவர்களுக்கே அது வருவதுண்டு. அவர்கள் பெயரில் ‘ர்’ வரும் மாதங்களிலெல்லாம், அதாவது செப்டெம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை, மீனெண்ணெய் குடிக்கிறார்கள். கறுத்த தோல் உயிர்ச்சத்து டீயை உண்டாக்கக் கூடுதலான வெயிலைக் கேட்கும். ஆகவே எம்மவருக்கு அந்த எண்ணெய் இன்னும் அவசியம். துரொம்சோவில் ஜனவரி 21ஆம் திகதி சூரியன் திரும்பி வந்ததைக் கொண்டாட ஒருவகைப் பணிஸ் செய்து உண்பார்கள். வெயிலுக்கு ஒதுங்கியே வளர்ந்த எமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஒரு மாரியை அங்கே கழித்தவருக்குத் தோன்றாது.

மொழி அடுத்த மலை. வகுப்பில் புத்தக மொழியைக் கற்பிப்பார்கள். ‘நான்’ என்பதற்கு அங்கே ‘யெய்’ என்பார்கள். தொழிற்சாலைக்குப் போனால் வடக்கத்தியர் அதையே ‘ஏ’ என்கிறார்கள். எழுத்து மொழியிலேயே இரண்டு வகை உண்டு. இதிலும் பெரிய சங்கடம் மரியாதைச் சொல். நோர்வேயில் வைத்தியர், ஆசிரியர், முதலாளி எல்லோரையும் ‘நீ’ என்றே அழைக்கிறார்கள். மரியாதைப் பன்மை ஒன்று முன்னர் இருந்தது, இன்று வழக்கொழிந்துவிட்டது. ‘சேர்’ என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது இலகுவில் வராது. சின்னப் பெடியன் தன்னை ‘நீ’ என்கிறான் என்று தந்தை மனம் புண்படுவதும், தமிழன் ஏன் இப்படிக் குனிந்து பேசுகிறான் என்று மேலாளர் குழம்புவதும் ஒரே நாளில் நடக்கும். மரியாதை அங்கே வேறிடத்தில் இருக்கிறது: குறித்த நேரத்துக்கு வருவதில், சாப்பிட்டு எழும்போது சமைத்தவருக்கு நன்றி சொல்வதில், முன்னறிவித்தல் இன்றி ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் விடுவதில்.

பெயர் விஷயம் சிறியதுபோல் தெரியும். தகப்பன் யோசேப்பு, மகன் அன்ரன் என்று வைத்துக்கொள்வோம். எமது முறைப்படி ‘யோசேப்பு அன்ரன்’ என்று எழுதிக்கொண்டு போனால், முதலில் நிற்பதே அவன் பெயர் என்று கந்தோரில் அவனை யோசேப்பு என்று கூப்பிடுவார்கள். செத்துப்போன தகப்பனின் பெயருக்கு மகன் ‘ஓம்’ சொல்ல வேண்டும். தகப்பன் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்தாலோ, அவன் மனைவியும் பிள்ளைகளும் எமது முறைப்படி ‘அன்ரன்’ என்பதைக் குடும்பப் பெயராகக் கொள்வர். அவனுடைய குடும்பப் பெயரோ ‘யோசேப்பு’. ஆஸ்பத்திரியிலும் விமான நிலையத்திலும், இந்தப் பிள்ளைகள் உமது பிள்ளைகள்தானா என்ற கேள்வி வரும். போக முன்னரே குடும்பம் முழுவதற்கும் ஒரே பெயரைத் தீர்மானித்துப் பத்திரங்களைச் சரிசெய்து வைத்தல் பெரிய தொல்லையைத் தவிர்க்கும்.

அயலவர் மாடிப்படியில் முகம் பார்க்காமற் போவதைக் கண்டு, எம்மை வெறுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அவர்கள் தங்களுக்குள்ளும் அப்படித்தான். ‘துக்நாட்’ என்று ஒரு வழக்கம் அங்கு உண்டு. குறித்த நாளில் குடியிருப்பார் எல்லோரும் கூடி முற்றம் கூட்டி, வேலிக்கு வர்ணம் பூசிச் சேர்ந்து உண்பார்கள். எமது ஊர்ச் சிரமதானமேதான். அந்த நாளில் விளக்குமாற்றோடு இறங்கியவனுக்கு அடுத்த நாள் வணக்கம் கிடைக்கும். கோயிலும் அப்படியே. 1537இல் லூத்தரன் நாடாகிய நோர்வேயில் 1843ஆம் ஆண்டில்தான் கத்தோலிக்கப் பங்கு ஒன்று மீண்டும் அமைய முடிந்தது. இன்று அக்கோயில்களை நிரப்புவோர் பெரும்பாலும் போலந்து, பிலிப்பைன்ஸ், வியற்னாம் மக்களும் எம்மவருமே. தமிழ்ப் பூசை மட்டும் போதும் என்றிராமல், நோர்வே மொழிப் பூசைக்கும் போய், அதன்பின் கொடுக்கும் கோப்பியையும் குடித்துவிட்டு வருவது நன்று. மொழி வகுப்பில் கிடைக்காத பேச்சு அங்கே கிடைக்கும்.

பிள்ளைகள் விஷயத்திலேதான் குடும்பங்கள் உடைந்து போகின்றன. பிள்ளைக்கு ஒரு வருடத்தில் வரும் மொழி தகப்பனுக்குப் பத்து வருடத்திலும் வருவதில்லை. கடிதம் வந்தால் வாசித்துச் சொல்வது பத்து வயது மகள். வைத்தியரிடம் தாயின் நோயை எடுத்துச் சொல்வதும் அவளே. அந்த வயதில் அறியத்தகாதவற்றை அறிந்து, வீட்டில் அதிகாரமும் மெல்ல அவள் கைக்கு மாறும். 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, அரசாங்கக் காரியங்களில் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடுத்துள்ளது. உரிய மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம் என்பதைப் போகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: பிள்ளைக்கு அடிப்பதை அந்நாட்டுச் சட்டம் 1987ஆம் ஆண்டு முதல் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. பாரதூரமான காரியமென்று கண்டால் ஆசிரியர் அறிவித்தே ஆகவேண்டும். “அடியாத மாடு படியாது” என்ற பழமொழி அங்கே செல்லாது. இங்கும் அது அவ்வளவு நல்ல பழமொழி அல்ல என்பது என் எண்ணம். அடியைக் கைவிட்ட தகப்பன் அந்த இடத்தில் பேச்சை வைக்க வேண்டும். இரண்டு வேலை செய்து நடுச்சாமத்தில் வீடு திரும்புகிறவனுக்குப் பேச நேரம் ஏது?

இரண்டு வேலை ஏன்? இங்கே நாம் குரோணரை ரூபாயால் பெருக்கிப் பார்க்கிறோம். வீட்டு வாடகையையும் வரியையும் அப்படிப் பெருக்கிப் பார்ப்பதில்லை. பயண முகவருக்குப் பட்ட கடன், தங்கையின் சீதனம், வீட்டின் இரண்டாம் மாடி, கோயில் திருவிழா உபயம் என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் ஒன்று சேருகிறது. அனுப்ப முடியாது என்று சொல்ல அவனுக்கு வெட்கம். மொழி வகுப்பைக் கைவிட்டு இரவு வேலைக்குப் போகிறான்; மொழி இல்லாதபடியால் என்றைக்கும் அதே வேலை. முதல் இரண்டு வருடத்துக்குக் காசு கேளாதிருக்கும் பெற்றார், அவனுக்கு மொழியைக் கற்கும் காலத்தைக் கொடுத்தவராவர்.

1980களில் போனவர்கள் இப்போது ஓய்வு பெறுகிறார்கள். அங்கு முழு அடிப்படை ஓய்வூதியம் பெறப் பொதுவாக நாற்பது ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதில் 1987இல் போனவர் 67 வயதை எட்டும்போது அவர் கணக்கில் முப்பத்திரண்டு ஆண்டுகளே இருக்கும். முதுமையில் மறதி நோய் பற்றினால், பின்னர் கற்ற மொழி முதலில் கழன்றுபோவதும் உண்டு. அப்போது நோர்வே மொழி பேசும் தாதிக்கு அவர் சொல்லும் ‘தண்ணி’ விளங்க வேண்டும். இதனால் சில பிள்ளைகள், தாய் தகப்பன் அன்றாடம் சொல்லும் தமிழ்ச் சொற்களை நோர்வே எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவைக்கிறார்கள்.