இறுகிப்போன இஞ்சின் போல்ட்டை வீட்டிலேயே கழற்றுவது எப்படி?

இப்போது நமது தோட்டங்களில் பல லயங்களின் வாசலில் ஒரு முச்சக்கர வண்டியாவது நிற்கிறது. பனியும் மழையும் விடாமல் பிடிக்கும் இடம் என்பதால் நட்டு, போல்ட்டெல்லாம் சீக்கிரம் துருப்பிடித்து இறுகிவிடும். ஒரு போல்ட்டுக்காக டவுன் கராஜுக்கு இறங்கினால் அன்றைய ஹயர் போய்விடும். கரண்ட் மெஷின் இல்லாமல் இதைக் கழற்ற முடியுமா? முடியும். ஆனால் பொறுமை வேண்டும்.

மேல் டிவிசன் தம்பி ஒருவர் சைலன்சரைக் கழற்றப் போனார். இஞ்சின் தலையில் மாட்டியிருக்கும் போல்ட் அசையவில்லை. விடிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வேண்டிய அவசரம். வாய் அகன்ற பழைய ஸ்பேனரைப் போட்டுத் தள்ளினார். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி இஞ்சின் தகட்டில் அடித்துக் கிழிந்தது. நாலு தையல். ஒரு கிழமை வண்டி ஓடவில்லை. போல்ட்டின் முனைகளும் மழுங்கிப் போயின.

அவருடைய அப்பா தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏன்டா தம்பி, ஊறப் போடாம யாரு இதத் தொடச் சொன்னது?" என்றுதான் முதலில் கேட்டாராம். அவர் செய்து காட்டியதை நாமும் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவையும் மண்ணையும் சுரண்டி எடுக்க வேண்டும். அழுக்கு இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. டபிள்யூ டி 40 இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மண்ணெண்ணெயோ டீசலோ போதும். போல்ட்டின் கழுத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, சுத்தியலால் தலையில் நேராக, மெதுவாகப் பத்துப் பதினைந்து தட்டுத் தட்டுங்கள். அந்த அதிர்ச்சியில் துரு வெடித்து எண்ணெய்க்கு வழி விடும். மாலையில் ஒருமுறை, படுக்கப் போகும்முன் ஒருமுறை. காலையில்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

ஸ்பேனர் விஷயத்தில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். ஆறு மூலையையும் பிடிக்கும் ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் சாவிதான் இதற்குச் சரி. இரவல் வாங்கியாவது அதையே போடுங்கள். எப்போதும் உங்கள் பக்கம் இழுங்கள். தள்ளித்தான் ஆகவேண்டுமென்றால் விரலை மடக்காமல் உள்ளங்கையை விரித்துத் தள்ளுங்கள். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது பக்கம் மாறி இறுக்குகிறவர்களும் உண்டு! போல்ட்டின் தலையை நேராகப் பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம்தான் கழலும்.

இன்னும் அசையவில்லையா? கழற்றப் பார்க்காமல் முதலில் மயிரிழை அளவு இறுக்கிப் பாருங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்டால் பிடி விட்டது. பிறகு கால் சுற்றுக் கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடியும் கழற்ற வேண்டும். ஒரே இழுப்பில் எடுக்க நினைத்தால் உடைந்துவிடும்.

அடுத்தது சூடு. இஞ்சின் தலை அலுமினியம், போல்ட் இரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் ஒரு கேத்தல் கொதிநீரை மெல்ல ஊற்றி, உடனே ஸ்பேனரைப் போட்டால் பல தடவை விட்டுக்கொடுக்கும். முன்கூட்டியே மண்ணெண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள். பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். பந்தமோ டோர்ச் நெருப்போ வேண்டவே வேண்டாம். பக்கத்தில் பெற்றோல் குழாய் இருக்கிறது. ஒரு காம்பராவில் பிடித்த தீ லயம் முழுவதற்கும் பரவும்.

ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆறு அங்குலப் பிடியைப் பதினெட்டாக்கினால் பலம் மூன்று மடங்கு. 17, 19 போன்ற பெரிய தலைகளுக்கு அது உதவும். 10 ஆம் நம்பர் ஸ்பேனர் போடும் சின்னப் போல்ட்டுக்கு மாட்டினால் தலை துண்டாகக் கையோடு வந்துவிடும்.

தம்பியின் போல்ட்டைப் போல முனை மழுங்கியிருந்தால், அரத்தால் எதிரெதிரே இரண்டு பக்கத்தைத் தட்டையாக்கி, ஒரு நம்பர் குறைந்த பாக்ஸ் சாவியைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். பெரியவர் அப்படித்தான் எடுத்தார். எடுக்க ஒன்றரை நாள் ஆனது. உள்ளே உடைந்துவிட்டால் மட்டும் மேற்கொண்டு நோண்டாமல் லேத் பட்டறைக்கே கொண்டுபோங்கள். அலுமினியப் புரி கெட்டால் செலவு பல மடங்காகும்.

திரும்ப மாட்டும்போது புரியில் கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவுங்கள். சைலன்சர் சூட்டில் சாதாரண கிரீஸ் எரிந்துபோகும்.

மீந்த மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் தண்ணீரென்று குடித்துவிடுவார்கள். எண்ணெய்த் துணியைப் பீலிப் பக்கமோ கானிலோ போட வேண்டாம்.