ஜாதி நாய்க்கு அறுவைச் சிகிச்சையா?

புதுச்சேரி வீடுகளில் பிரியத்துடன் வளர்க்கப்படும் டாபர்மேன், அல்சேஷன் முதலிய ஜாதி நாய்களுள் சிலவற்றுக்கு, ரத்தத்தை உறையச் செய்யும் புரதம் பரம்பரையாகவே குறைந்திருக்குமாதலால், கருத்தடை போன்ற சாதாரண அறுவைச் சிகிச்சையும் அபாயமாக முடியக்கூடும்.

● பால்பல் விழுந்தபோதோ நகம் வெட்டியபோதோ ரத்தம் நெடுநேரம் நிற்காதிருந்ததா, தாய்க்கும் உடன்பிறந்த குட்டிகளுக்கும் அவ்விதம் நேர்ந்ததுண்டா என்று விசாரித்து, மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

● டாபர்மேன்களிடம் மிகுதியாகக் காணப்படுவதும், 1926இல் எரிக் வான் வில்லிபிராண்டு என்ற மருத்துவர் மனிதரிடம் முதலில் கண்டு விவரித்ததுமான வியாதியில், தட்டணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆகையால், மேலுதட்டின் உட்புறத்தில் நுண்ணிய கீறலிட்டு ரத்தம் நிற்கும் நேரத்தைக் கணிக்கும் சோதனையைக் கேளுங்கள். சுமார் 4 நிமிஷத்துக்கு மேற்பட்டால் எச்சரிக்கை அவசியம்.

● உண்ணிக் காய்ச்சல் தட்டணுக்களைக் குறைக்குமாதலால், அதற்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்கலாகாது.

● கிரேஹவுண்டு இனத்தில் ரத்தக்கசிவு அறுவை முடிந்து ஓரிரு நாள் கழிந்தபின்னும் தோன்றக்கூடுமாதலால், மூன்று நாள் வரை காலையும் மாலையும் உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா என்றும், தையலைச் சுற்றிக் கருநீலம் படர்கிறதா என்றும் கவனித்து, அவ்விதம் கண்டால் தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை நேரத்தை முன்னரே கேட்டு வைத்துக்கொள்வது நலம்.